நிக்கோலாவுக்கு ஒரே ஒரு வரிதானா?

பிரிட்டனின் ஐந்து பெண்கள் கொண்ட பாப் பாட்டுக் குழுவான கேர்ள்ஸ் அலவுட் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவின் பாடகிகளில் செரிலுக்கு நாலு பத்தி, நிக்கோலா ராபர்ட்ஸுக்கு ஒரே வரி என்பதை ஏற்க முடியவில்லை.

2002-இல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில், பாட்டுக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுத்த 'பாப்ஸ்டார்ஸ்: தி ரைவல்ஸ்' நிகழ்ச்சியில் நேயர்களின் ஓட்டு வாங்கி அந்த ஐவரில் ஒருத்தியானபோது அவருக்கு வயது 17. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அவர்கள் பாட்டுதான் பிரிட்டனில் முதலிடம். அந்த வயதிலேயே பத்திரிகைகள் அவருடைய வெளுத்த நிறத்தையும் செம்பட்டை முடியையும் கேலி செய்து பிழிந்தெடுத்தன. அவரும் ஆரம்ப வருடங்களில் தோலைப் பழுப்பாக்கிக்கொண்டுதான் மேடை ஏறினார். அப்புறம் துணிந்து நிறுத்தினார். வெளிர் நிறத்தோலுக்கென்றே 'டெய்ன்ட்டி டால்' என்ற ஒப்பனைப் பொருள்களைக் கொண்டுவந்தார். 2010-இல் பழுப்பேற்றும் மோகத்தைப் பற்றி பிபிசி ஆவணப்படமும் செய்தார். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சன்பெட் (தோலைப் பழுப்பாக்கும் புற ஊதாக் கதிர்ப் படுக்கை) பயன்படுத்துவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடுக்கும் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான்.

பாட்டிலும் அவர் குறைந்தவரில்லை. 2011-இல் வந்த தனி ஆல்பம் 'சிண்ட்ரெல்லாஸ் ஐஸ்' பெரிதாக விற்கவில்லை, சரி. ஆனால் கேட்டுப் பாருங்கள், அத்தனை மனம் திறந்த எழுத்து! இன்னொரு டிவி நிகழ்ச்சியில் உருவான லிட்டில் மிக்ஸ் குழுவின் முதல் ஆல்பத்திலும் அவர் எழுத்து இருக்கிறது. 2020-இல் பிரிட்டனின் 'தி மாஸ்க்டு சிங்கர்' டிவி பாட்டுப் போட்டியின் முதல் சீசனில், முகம் தெரியாமல் ராணித் தேனீ வேடத்தில் பாடி, குரலை மட்டும் வைத்து ஜெயித்தார். இதையாவது கட்டுரையில் சேருங்கள்.