ஃபேன் வேகத்தை மாற்றவும் ஓடிபி கேட்பீர்களா?

மறுபடியும் துடைத்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக, கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டை இயக்குகிற டிரைவர் சாஃப்ட்வேர் தானே அப்டேட் ஆகி, எந்தச் சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம் என்ற ஃபேன் கர்வ், வோல்டேஜ், பவர் லிமிட், ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாகப் போட்டு வைத்திருந்த ப்ரொஃபைல் எல்லாவற்றையும் வழித்தெடுத்து வெளியே கொட்டிவிட்டு, மூலையில் ஒரு பாப்பப்: ‘உங்கள் கேமிங் அனுபவத்தை மேம்படுத்தியிருக்கிறோம்.’ யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா? உங்களில் யாராவது என் சார்பில் கேட்டீர்களா? கேட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், மனசாவது ஆறும்.

எந்தக் கம்பெனி கார்டு என்று கேட்காதீர்கள். சொன்ன மறுநிமிடம் எதிர் அணி ரசிகர்கள் வந்து “நாங்கள் அப்போதே சொன்னோமே” என்று நிற்பார்கள். நீங்கள் வைத்திருப்பது மட்டும் என்ன வாழ்ந்தது? எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்.

நான் கேட்டது என்ன மலையையா? ஃபேன். கார்டின் மேல் சுற்றுகிறதே, அந்த ஃபேன். 50 டிகிரி வரை சும்மா இருக்கும், அதைத் தாண்டினால் சுற்றும் என்பது கம்பெனி போட்டுத் தந்த கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சும்மா ஒரு வீடியோ ஓடினாலே என் கார்டு சரியாக 50இல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 51 ஆனதும் உர்ர்ர் என்று கிளம்பும். 49 ஆனதும் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உர்ர்ர். தொடர்ந்து சத்தம் போட்டாலாவது காது பழகிவிடும். விட்டு விட்டுப் போடுகிற சத்தம் மூளைக்குள் திருகாணி வைத்துத் திருகுகிறது. இதற்கு மருந்தும் ரொம்பச் சுலபம். 55இல் கிளம்பு, 45க்கு இறங்கும் வரை நிற்காதே. நடுவில் பத்து டிகிரி இடைவெளி, அவ்வளவுதான். அதைத்தான் போட்டு வைத்திருந்தேன். அதைத்தான் துடைத்துவிட்டது.

சரி, இரண்டு நிமிட வேலை, திரும்பப் போட்டுவிடலாம் என்று சாஃப்ட்வேரைத் திறந்தேன். இனி நடந்ததைப் பொறுமையாகக் கேளுங்கள். நான் பொறுமையாகத்தான் அனுபவித்தேன்.

முதலில் லோகோ சுழன்றது. சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. பல கோடி முக்கோணங்களை ஒரு நொடியில் வரைந்து தள்ளும் கார்டு அது. தன் சொந்த சாஃப்ட்வேரின் ஜன்னலை வரைய அதற்கு மூச்சு முட்டுகிறது. ஒருவழியாகத் திறந்ததும் ‘புதிய பதிப்பு உள்ளது’ என்றது. நேற்று ராத்திரிதானே ராஜா அப்டேட் ஆனாய்? அது டிரைவராம். இது டிரைவரைக் கவனித்துக்கொள்கிற சாஃப்ட்வேராம். இரண்டும் வேறு வேறாம். ‘இப்போதே’ பட்டன் திரையில் பாதி அகலத்துக்குப் பளபளக்கிறது. ‘பிறகு’ பட்டன் சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் எழுத்தில், கண் டாக்டர் படிக்கச் சொல்லும் கடைசி வரி அளவில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அழுத்தினேன். சரி என்று தலையாட்டிவிட்டு அப்டேட் செய்தது.

அப்டேட் முடிந்ததும் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. லாகின் செய்யுங்கள்.

செய்தேன். பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி, ஒவ்வொரு எழுத்தாக, விரலால் தொட்டுத் தொட்டு அடித்தேன். தவறு. சரி, மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள், புதிதாகத் தா என்றேன். மோட்டார் சைக்கிள் இருக்கிற கட்டங்களை எல்லாம் காட்டு என்றது. காட்டினேன். ஒரு கட்டத்தின் ஓரத்தில் கண்ணாடி மட்டும் எட்டிப் பார்த்தது, அது சைக்கிளா இல்லையா என்று எனக்கும் அதற்கும் கருத்து வேறுபாடு. மறுபடி வேறு படம், இப்போது படிக்கட்டு. ஏறினேன். மெயிலுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. மெயிலில் இல்லை. ஸ்பேமில் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடி வந்தால் காலாவதி. மறுபடி ஓடிபி. மறுபடி ஸ்பேம். கடைசியில் புதிய பாஸ்வேர்டு கேட்டது. பழையதையே போட்டேன். ‘இது நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பாஸ்வேர்டு, வேறு போடுங்கள்’ என்றது.

ஏற்கெனவே வைத்திருக்கும் பாஸ்வேர்டா! அப்படியானால் இவ்வளவு நேரம் தவறு தவறு என்று எதைச் சொன்னாய்?

இவ்வளவும் ஃபேனுக்காக என்பதை மறந்துவிடாதீர்கள். வாசல் தெளிக்க வந்தவரிடம் நிலப் பத்திரம் கேட்ட கதை.

உள்ளே போனதும் முகப்பு. எவனோ வெளியிடப்போகிற கேமின் விளம்பரம் முக்கால் திரைக்கு. அதற்குக் கீழே புதிய டிரைவரின் பெருமை. அதற்குக் கீழே நான் பயன்படுத்தாத ஸ்ட்ரீமிங் வசதிக்கு அழைப்பு. மேலே தேடல் பெட்டி ஒன்று இருந்தது. ஆகா என்று ‘ஃபேன்’ என அடித்தேன். அந்தப் பெயரில் கேம் எதுவும் இல்லை என்று வருத்தம் தெரிவித்தது. பெர்ஃபார்மன்ஸ் போய், ட்யூனிங் போய், மேனுவல் போய், கஸ்டம் போய், அட்வான்ஸ்டு போனால் ஃபேன். கதவைத் தட்டினால் வாரண்டி எச்சரிக்கை. படித்து முடித்தேன் என்று காட்டக் கடைசி வரை உருட்ட வேண்டும். ஃபேன் வேகமாகச் சுற்றினால் கார்டு குளிரும், குளிர்ந்தால் அதற்கு நல்லது. இதில் வாரண்டிக்கு என்ன கஷ்டம் என்று இன்றுவரை விளங்கவில்லை.

அப்புறம் அந்தக் கிராஃப். விளம்பரத்துக்கு முக்கால் திரை கொடுத்த மகராசன், கிராஃபுக்குக் கட்டைவிரல் அளவு இடம் கொடுத்திருந்தான். அதில் ஐந்து புள்ளிகள். ஒன்றைப் பிடித்து மேலே இழுத்தால் பக்கத்துப் புள்ளியும் கூடவே கிளம்புகிறது. அதைக் கீழே இறக்கினால் முதலாவதும் இறங்குகிறது. எண்ணை டைப் செய்ய இடமே கிடையாது. 55 வேண்டுமா? மவுஸை மூச்சைப் பிடித்து நகர்த்தினால் 54. இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினால் 57. 55, 56 என்று இரண்டு எண்கள் இந்த உலகத்தில் இல்லை. சரி 57 என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, நிற்கும் வெப்பநிலையைப் போடுகிற டப்பாவைத் தேடினேன்.

அந்த டப்பா இல்லை.

போன பதிப்பில் இருந்தது. என் கையால் அதில் 45 என்று போட்டிருக்கிறேன். இப்போது இல்லை. புதிய பதிப்பில் ஃபேன் பக்கத்தை எளிமையாக்கிவிட்டார்களாம். எனக்கு உயிர்நாடியாக இருந்த ஒன்றை எடுத்துவிட்டு, பக்கத்தின் பின்னணியில் ஃபேன் சுற்றுவது போல ஓர் அனிமேஷன் வைத்திருக்கிறார்கள். நிஜ ஃபேன் நிற்கிற நேரத்திலும் அது அழகாகச் சுற்றுகிறது.

கோபத்தில் கேமாவது விளையாடலாம் என்று போனால், மேலிருந்து ஓவர்லே, அதாவது கேமின் மேலேயே வந்து படிகிற மெனு, சறுக்கி வந்து ‘ஆல்ட்-இசட் அழுத்துங்கள்’ என்று கும்பிடு போட்டது. கேமுக்குள், அசையும்போது காட்சியை மங்கலாக்குகிற மோஷன் பிளர் ஆன் ஆகியிருந்தது. நான் ஜென்மத்தில் மோஷன் பிளர் வைத்ததில்லை. என் கார்டுக்கு எது பொருத்தம் என்று அதுவே ஆராய்ந்து செட்டிங்ஸை மாற்றியதாம். ஃபேன் மட்டும் உர்ர்ர்.

இந்த ஃபேன் விஷயத்தில் கார்டு கம்பெனிகளின் சரித்திரமே அப்படித்தான். 2010 மார்ச்சில் என்விடியா 196.75 என்று ஒரு டிரைவர் விட்டது. ஃபேன் வேகத்தைச் சரியாக ஏற்றவில்லை, கார்டுகள் சூடேறின என்று புகார் குவிந்து, அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஏஎம்டி மட்டும் சும்மா இருக்குமா? 2015 நவம்பரில் பழைய கேட்டலிஸ்டைத் தூக்கிவிட்டு கிரிம்சன் என்று புத்தம் புது சாஃப்ட்வேர் கொண்டுவந்தது. பார்க்க ஜோராக இருந்தது. சில கார்டுகளில் ஃபேன் குறைந்த வேகத்திலேயே மாட்டிக்கொண்டது. அவசர அவசரமாக இன்னொரு பதிப்பு விட்டுச் சரிசெய்தார்கள். பட்டனுக்கு நிழல் வைக்க ஆள் இருக்கிறது, ஃபேன் சுற்றுகிறதா என்று எட்டிப் பார்க்க ஆள் இல்லை.

ஆனாலும் முடிசூட வேண்டியது 2023 அக்டோபருக்குத்தான். மவுஸைச் சொடுக்குவதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையே உள்ள தாமதத்தைக் குறைக்க ஆன்டி-லாக் ப்ளஸ் என்று ஏஎம்டி ஒரு வசதி கொண்டுவந்தது. கம்பெனியே தந்த சாஃப்ட்வேர், அதில் கம்பெனியே வைத்த பட்டன், ஆன் செய்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடியவர்கள் ஆன் செய்தார்கள். அது கேம் எஞ்சினின் நிரல் இருக்கும் டிஎல்எல் ஃபைலுக்குள்ளேயே கையை விட்டு வேலை பார்க்க, கேமை உருவாக்கிய வால்வ் கம்பெனி ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க வைத்திருக்கும் காவல் அமைப்பு இவர்களையும் ஏமாற்றுக்காரர்கள் என்று முத்திரை குத்தித் தடை போட்டது. ஆன் செய்யாதீர்கள் என்று வால்வே அறிவித்தது. அடுத்த டிரைவரில் ஏஎம்டி அந்த வசதியை எடுத்தேவிட்டது. செட்டிங்ஸில் ஒரு பட்டனைத் தட்டியதற்காகக் கள்ள ஆட்டக்காரன் பட்டம். இதே கம்பெனிதான் 2019 டிசம்பரில் வந்த பதிப்புக்குள் ஒரு வெப் பிரவுசரையே கட்டி வைத்தது. கிராபிக்ஸ் கார்டு சாஃப்ட்வேருக்குள் பிரவுசர்! எந்தப் பாவி கேட்டான் அதை?

லாகின் கதை இன்னும் அழகு. 2016இல் என்விடியாவின் சாஃப்ட்வேரான ஜீஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸின் மூன்றாம் பதிப்பில் லாகின் கட்டாயம் என்றார்கள். உலகமே திட்டியது. எட்டு வருஷம் கேட்காத காது, 2024 நவம்பரில் என்விடியா ஆப் வந்தபோது கேட்டது. கட்டாய லாகின் ஒழிந்தது, பழைய கன்ட்ரோல் பேனலில் இருந்த பலவும் அங்கேயே வந்துவிட்டன என்று ஊரே மகிழ்ந்தது. மகிழ்ச்சி அதிக நாள் தாங்கவில்லை. டிசம்பரில், ஓவர்லேயில் உள்ள, காட்சியின் நிறத்தை மாற்றுகிற கேம் ஃபில்டர் வசதி சும்மா ஆனில் இருந்தாலே சில கேம்களில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு, 15 சதவீதம் வரை விழுகிறது என்று தெரிந்தது. ஃபில்டர் போடக்கூட வேண்டாம், போடலாம் என்ற வாய்ப்பு இருந்தாலே போதும். இப்போதைக்கு அணைத்து வையுங்கள் என்று என்விடியாவே சொன்னது. 15 சதவீதம் என்றால், சிலர் அந்த வித்தியாசத்துக்காகவே பழைய கார்டை விற்று அடுத்த மாடல் வாங்குகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில், கார்டின் ஃபேனையும் வேகத்தையும் மாற்ற ஆஃப்டர்பர்னர் என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. எம்எஸ்ஐ என்ற கம்பெனியின் பெயரில் வருகிறது, ஆனால் எந்தக் கம்பெனி கார்டு என்று பார்க்காமல் வேலை செய்யும். அதன் முதுகெலும்பு அலெக்ஸி நிகோலாய்ச்சுக் என்ற ஒரே மனிதர், ரிவாட்யூனர் என்ற தன் பழைய கருவியின் காலத்திலிருந்து இதே வேலையாக இருக்கிறவர். தோற்றம் விண்கலத்தின் டேஷ்போர்டு மாதிரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபேன் பக்கத்தில் பெரிய கிராஃப், அதற்குக் கீழே நான் அழுது தேடிய அந்த இடைவெளி டப்பா. லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது. 2023 ஜனவரியில், மாதக்கணக்காகத் தனக்குப் பணம் வரவில்லை, சும்மாவே செய்துகொண்டிருக்கிறேன் என்று அந்த மனிதர் எழுத வேண்டி வந்தது. போர், அரசியல், பணம் அனுப்ப வழியில்லை என்று காரணங்கள். ஆகக் கூடி, பணம் வராதபோதும் ஒருவர் காப்பாற்றி வைத்த டப்பாவை, கோடி கோடியாகக் கொட்டும் கம்பெனியால் வைக்க முடியவில்லை. வைத்திருந்ததையும் பிடுங்கிக்கொண்டது.

அப்படி என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்களா? டிரைவரை டிரைவராக விடு, கடையை வேறெங்காவது போட்டுக்கொள். நான் போட்ட கணக்கை ஒரு ஃபைலில் வை. டிரைவர் மாறினாலும் அந்த ஃபைலைத் தொடாதே, தொட்டால் கேட்டுவிட்டுத் தொடு. புள்ளியை இழுக்கிற இடத்தில் எண்ணை அடிக்கவும் விடு. ஓவர்லே, ரெக்கார்டிங், ஃபில்டர், ஷார்ட்கட் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆஃப் பட்டன், அதையும் முதல் பக்கத்தில். அன்இன்ஸ்டால் என்றால் முழுசாகப் போ. விண்டோஸின் சேஃப் மோடில் போய், டிரைவரைத் துடைத்தெடுக்கும் டிடியு என்ற வெளியாள் கருவியை வைத்து உன் மிச்சங்களைக் கழுவ வேண்டிய நிலைமைக்கு உனக்கு வெட்கமாக இல்லையா?

பல கார்டுகளின் விளிம்பில் பயோஸை, அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலை, மாற்றக் குட்டியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் தள்ளினால் அமைதி, மறுபக்கம் தள்ளினால் வேகம். இந்த மொத்தத் தொழிலிலும் ஒழுங்காகப் பேசுகிற ஒரே ஜீவன் அதுதான். அதையும் அடுத்த மாடலில் செயலி வழியாக்கிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன், ஃபேனும் கூடவே உர்ர்ர் என்றது.

அது கிடக்கட்டும். மானிட்டருக்குப் பின்னால் பட்டன் வைத்தவன் யார்? அவன் முகவரி வேண்டும். பிரைட்னெஸைக் குறைக்கலாம் என்று கையைப் பின்னால் விட்டுத் தடவினால் வரிசையாக நாலைந்து பட்டன், எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். மெனுவுக்குப் பக்கத்திலேயே பவர். மேட்ச் நடுவில் திரை அணைந்து, திரும்ப வந்து லோகோவைக் காட்டி, சிக்னல் தேடி, கேம் தெரிவதற்குள் நான் செத்து, என் அணியும் செத்து, குழுவில் என்னைத் திட்டி முடித்திருந்தார்கள். முன்னால் வைத்தால் அழகு கெட்டுவிடுமாம். எவன்டா மானிட்டரின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு கேம் ஆடுகிறான்?