அந்தப் பிள்ளையின் முடி அழியப்போவதில்லை

"சிவப்பு முடிக்காரர்கள் சீக்கிரம் உலகத்தில் இருந்தே மறைந்துவிடுவார்கள்" என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடி சுற்றுகிறது. ஒரு தடவை 2060க்குள் என்கிறார்கள், இன்னொரு தடவை 2100க்குள் என்கிறார்கள். இதை யாரும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். எனக்குக் கோபம் வரக் காரணம் இருக்கிறது.

நான் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஏழு வயதுப் பெண் குழந்தை. புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடத்தில் வெயில் விழுந்த மாதிரி முடி. பள்ளியில் "ஜிஞ்சர், ஜிஞ்சர்" என்று கேலி செய்கிறார்கள்; இஞ்சி என்று பொருள், சிவப்பு முடிக்காரர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். போன வாரம் யாரோ இந்த அழிவுக் கதையையும் சொல்லியிருக்கிறார்கள். "எனக்கு அப்புறம் யாருமே இருக்க மாட்டாங்களா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். ஏழு வயதில் கேட்கிற கேள்வியா இது?

அவள் அம்மாவுக்கும் சரி, அப்பாவுக்கும் சரி, பழுப்பு முடிதான். பதில் அங்கேயே இருக்கிறது. நிறமி செல்கள் கருப்பு, பழுப்பு தரும் யூமெலனினையும் செய்யும், சிவப்பு தரும் ஃபியோமெலனினையும் செய்யும். எதை அதிகம் செய்வது என்பதில் 16ஆவது குரோமோசோமில் உள்ள எம்சி1ஆர் மரபணுவுக்குப் பெரிய பங்கு. 1995இல்தான் இந்தத் தொடர்பு வெளிவந்தது. பொதுவாக அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால்தான் முடி சிவக்கும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது, ஆனால் பிள்ளைக்குப் போகும். அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. உலகில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் சிவப்பு முடி என்றாலும், மாறிய பிரதி ஒன்றை வெளியே தெரியாமல் சுமப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. அது எப்படி அழியும்?

கணக்கு இவ்வளவு எளிதும் இல்லை. இந்த ஊர் ஆய்வாளர்கள் 2018இல் சுமார் மூன்றரை லட்சம் பேரின் மரபணுத் தரவைப் பார்த்தபோது, இரண்டு பிரதியும் மாறியிருந்த பலருக்குச் சிவப்பு முடியே இல்லை. வேறு மரபணுக்களும் கூடவே வேலை செய்கின்றன.

வீடியோ காலில் அவளைப் பார்த்த என் அம்மா, "பாவம், தலை செம்பட்டையா கிடக்கே, எண்ணெய் வைக்க மாட்டாங்களா?" என்றார். நம் ஊரில் செம்பட்டை என்றால் வெயிலில் வெளுத்த முடி, அல்லது புரதச்சத்து கிடைக்காத குழந்தையின் முடி. அங்கே இருந்த நிறம் போய்விடுகிறது. இவளுக்கு எதுவும் போகவில்லை. அவள் உடம்பு செய்யும் நிறமியே வேறு.

சிவப்பு முடிக்காரர்களுக்கு அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து அதிகம் வேண்டும் என்ற பேச்சும் உண்டு. 2004இல் வெறும் 20 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் 19 சதவீதம் கூடுதலாகத் தேவைப்பட்டது உண்மை. பிறகு நிறைய நோயாளிகளை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

உண்மையாகவே கவலைப்பட வேண்டியது வெயிலைப் பற்றித்தான். ஃபியோமெலனின் புற ஊதாக் கதிரைச் சரியாகத் தடுக்காது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அபாயம் இவர்களுக்குக் கூடுதல். அதனால்தான் மேகமூட்டமான நாளில்கூட அவள் அம்மா வாசலில் நிறுத்தி, காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், வகிட்டு ஓரத்தில் எல்லாம் சன்ஸ்கிரீன் தடவித்தான் பள்ளிக்கு அனுப்புகிறார்.