கெஜக்கோல் வைத்துப் பழமையை அளக்காதீர்கள்

அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துப் பழைய கோல்ஃப் மைதானங்களை வரிசைப்படுத்தி, விக்டோரியா கோல்ஃப் கிளப்பைக் கடைசியில் தள்ளி, பக்கத்தில் "நீளம் போதாது" என்று ஒரே வரி. கீழே வரிசையாக ஆமாம் சாமிகள். இரண்டு நாள் பொறுத்தேன், முடியவில்லை.

நீளம் குறைவுதான். 6,000 கெஜத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. ஆனால் அது 1893ல் ஓக் பே கடலோரத்தில் தொடங்கி இன்றும் அங்கேயே இருக்கும் மைதானம். ஜலசந்தியிலிருந்து வரும் எதிர்காற்றில் அங்கே ஒரு தடவையாவது அடித்தவர் நீளத்தைப் பற்றிப் பேசமாட்டார். வேகமாக அடித்தால் சுழற்சி கூடி, பந்து மேலே எழும்பி அப்படியே நின்று விழும். வழக்கத்தைவிட இரண்டு படி நீண்ட மட்டையை எடுத்து, பந்தைக் கொஞ்சம் பின்னால் வைத்து, பாதி வீச்சில் தாழ்வாக அனுப்ப வேண்டும். பாறைமேல் மெல்லிய மண் என்பதால் கோடையில் தரை இறுகிவிடும். கிரீனில் (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையில்) நேராக இறக்கினால் பின்பக்கம் ஓடிப்போகும். முன்னாலேயே விழவைத்து உருளவிட வேண்டும். இதில் எது ஸ்கோர் அட்டையில் தெரிகிறது?

"அப்படியானால் கபிலானோ மட்டமா?" என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. மைதான வடிவமைப்பாளர் ஸ்டான்லி தாம்சன் 1930களில் வான்கூவர் பக்கத்து மலைச்சரிவில் வடித்த மைதானம் அது. தொடக்கக் குழிகள் இறங்கி, பிறகு ஏறி வரும் அழகுக்கு ஈடு கிடையாது. ஆனால் இரண்டும் ஒரே தராசில் நிற்காது. ஒலிம்பிக் மலைகளின் மழைநிழலில் இருக்கும் விக்டோரியாவுக்கு வருடம் சுமார் 600 மி.மீ. மழை. வான்கூவர் விமான நிலையத்திலேயே அதுபோல இரண்டு மடங்கு. கபிலானோ இருக்கும் வடகரைச் சரிவில் இன்னும் அதிகம். ஈரத்தில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும், உருட்டு ஆட்டத்துக்கு வழியில்லை. கிழக்கே நெடுமரம் நின்றால் காலை வெயில் தடைபட்டு, பனி காயாமல், கிரீனில் பூஞ்சைத் திட்டு படரும், பாசி ஏறும். தாழ்ந்த கிளைகளைக் கழித்து, தரையைத் துளையிட்டு மணல் தூவினால்தான் அடங்கும். மரத்தில் கைவைக்காதே என்பவர்கள் பிப்ரவரியில் போய் அந்தப் புல்லைத் தொட்டுப் பார்க்கட்டும்.

ராயல் கோல்வுட் மைதானத்தையும் இப்படித்தான் அரை வரியில் முடித்துவிட்டார்கள். 1913ல் அதை அமைத்த மேக்கன், முதல் உலகப் போரில், 1917ல் விமி ரிட்ஜ் சண்டையில் காலை இழந்தவர். அதற்குப் பிறகும் ஆடினார், இந்தக் கரை முழுக்க மைதானங்கள் அமைத்தார். உருண்டு வரும் பந்துக்குக் கிரீனின் முன்வாசலைத் திறந்து வைத்தவர் அவர். அந்த வாசலில் தண்ணீரைக் கொட்டிச் சதுப்பாக்கிவிட்டு, மைதானம் சின்னது என்கிறோம்.

எனக்கு உண்மையில் வலித்தது வேறொன்று. வான்கூவரின் ஷானெஸி கோல்ஃப் கிளப்புக்கு நேராக 1911 என்று போட்டு "வரலாற்றுச் சிறப்பு" என்று எழுதியிருக்கிறார்கள். கிளப்புக்குத்தான் அந்த வயது. பழைய தரை இன்று வான்டூசன் தாவரவியல் பூங்கா. இப்போதைய மைதானம் 1960ல் மஸ்குவியம் பழங்குடி மக்களின் நிலத்தில் வந்தது: 162 ஏக்கர், 75 வருடக் குத்தகை, முதல் 15 வருடத்துக்கு ஆண்டுக்கு 29,000 டாலர். அந்த மக்கள் சம்மதித்தது வேறு நிபந்தனைகளுக்கு; 1958ல் அரசு அதிகாரிகள் கையெழுத்திட்டது வேறு. ஒப்பந்தத்தின் நகலே 1970 வரை அவர்கள் கைக்குக் கிடைக்கவில்லை. அவர்களின் தலைவர் டெல்பர்ட் கெரின் வழக்குப் போட்டு, 1984ல் கனடா உச்ச நீதிமன்றம் ஒரு கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

"கோல்ஃப் பதிவில் அரசியல் எதற்கு?" என்று கேட்காதீர்கள். வரலாறு என்ற சொல்லைப் போட்டவர்கள் நீங்கள். அந்தக் குத்தகை 2033ல் முடிகிறது. பட்டியலை மூன்று முறை படித்தேன். மஸ்குவியம் என்ற பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை.