மண்வள அட்டையில் ஈயத்துக்குக் கட்டமே இல்லை

கோவைக்கு வெள்ளலூர், ஈரோட்டுக்கு வைராபாளையம், சேலத்துக்குச் செட்டிச்சாவடி, திருப்பூருக்குக் கைவிட்ட பாறைக்குழிகள். கொங்கு நாட்டு நகரங்கள் தங்கள் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிய இடங்கள் இவை. இவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாற்றம், ஈ, புகை என்பதோடு நின்றுவிடுகிறது. 2024 ஏப்ரலில் வெள்ளலூர் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோதும் புகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். சாம்பல் யார் தோட்டத்தில் போய் இறங்கியது என்ற கேள்வி என் காதில் விழவே இல்லை.

மண் பரிசோதனை வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது. பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, உடைந்த டியூப்லைட், கணினிப் பலகை, பிவிசி ஒயர், சாயக் கழிவு, முலாம் பூசும் பட்டறைக் கழிவு எல்லாம் ஒரே மேட்டில் கிடந்து மழையில் ஊறுகின்றன. அழுகும் குப்பையிலிருந்து வரும் அமிலம் ஈயம், காட்மியம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களைக் கரைத்துக் கறுப்புத் தண்ணீராக வெளியே கொண்டுவருகிறது. அந்தத் தண்ணீர் பள்ளம் வழியாகத் தோட்டத்துக்குப் போகிறது. திருப்பூர்ப் பாறைக்குழிகளில் பாறை வெடிப்பு வழியாக போர் தண்ணீருக்கே போய்விடக்கூடும். தீப்பிடித்தால் காற்றிலும் பறக்கும். பிளாஸ்டிக்காவது கண்ணுக்குத் தெரியும், பொறுக்கலாம். உலோகம் மக்காது, ஆவியாகாது (பாதரசம் மட்டும் விதிவிலக்கு). மேல்மண்ணில் ஒட்டிய ஈயம் தலைமுறை கடந்தும் அங்கேயே கிடக்கும்.

குப்பைமேட்டை ஒட்டிப் பண்ணையம் பார்க்கும் ஒரு பெரியவர், மண்ணைப் பரிசோதித்து அரசு தரும் மண்வள அட்டையைக் காட்டி, "எல்லாம் சரியா இருக்குதுனு போட்டிருக்குதுங்க, அப்புறம் என்னங்க பயம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. 2015இல் தொடங்கிய அந்த அட்டையில் 12 விஷயங்கள் வரும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம். பயிருக்கு என்ன குறைகிறது என்று சொல்லும் அட்டை அது. மனிதருக்கு ஆகாதது என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லாது. ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் அதில் கட்டமே கிடையாது. இத்தனைக்கும் துத்தநாகம் பார்க்கிற அதே ஏஏஎஸ் கருவியில் (ஒளியை வைத்து உலோகத்தின் அளவைச் சொல்லும் கருவி) விளக்கை மாற்றினால் ஈயமும் பார்க்கலாம். மொத்த அளவு வேண்டுமானால் மண்ணைக் கடும் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கரைக்க வேண்டும். செலவு கூடும்தான், ஆனால் ஆகாத வேலை இல்லை.

சரி, அளப்பது என்று முடிவானால் அதை ஒழுங்காக அளக்க வேண்டும். மேட்டின் அடிவாரத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து "விஷம்" என்று அறிவிப்பதும், சாலையோரத்தில் ஒரு பிடி எடுத்து "பாதுகாப்பு" என்று அறிவிப்பதும் ஒன்றுதான். தண்ணீர் இறங்கும் திசையிலும், காற்று அடிக்கும் திசையிலும், மேட்டிலிருந்து படிப்படியாகத் தள்ளித் தள்ளியும் எடுக்க வேண்டும். மேல் 15 சென்டிமீட்டர் தனியாக, அடிமண் தனியாக. துத்தநாகம் பூசிய தகரச் சாமானால் அள்ளக் கூடாது, கணக்கு கெட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, குப்பை வாடையே படாத, அதே வகையான மண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில் நம் பக்கத்துக்குச் சிக்கல் அதிகம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையில் இயற்கையாகவே குரோமியத் தாது உண்டு. (சந்திரயான் 2க்காக நிலவு மண் போலச் செய்துபார்க்க இஸ்ரோ பாறை எடுத்துப்போனது இந்தப் பகுதியிலிருந்துதான்.) சேலம் மேக்னசைட் குன்றுகளின் பாறையிலும் குரோமியமும் நிக்கலும் கூடுதல். செட்டிச்சாவடி அந்தக் குன்றுகளுக்குப் பக்கம். அங்கே போய் உலக சராசரியை வைத்து ஒப்பிட்டால் பாறையின் குரோமியமும் குப்பையின் கணக்கில் ஏறும். கொட்டியவர்களும் "இதெல்லாம் இயற்கைங்க" என்று தப்பித்துக்கொள்ள அதுவே வழியாகிவிடும். உலோகம் இயற்கையைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று காட்ட 1969இல் முல்லர் கொண்டுவந்த குறியீட்டில், இயற்கை அளவை ஒன்றரை மடங்காக்கி, அளந்து கிடைத்ததை அதனால்தான் வகுக்கிறார்கள், மண்ணுக்கு மண் இருக்கும் ஏற்ற இறக்கத்துக்காக. அந்த இயற்கை அளவையே தப்பாக எடுத்தால் குறியீடு எதற்கும் உதவாது.

இன்னொன்று, மண்ணில் இருப்பதெல்லாம் செடிக்குள் போவதில்லை. நம் சுண்ணாம்புக் காரமண் ஈயத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஈயம் கீரை வழியாகப் போவதைவிட, புழுதியாகவும் கையில் ஒட்டிய மண்ணாகவும் குழந்தைகள் வாய்க்குள் போவதுதான் அதிகம். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காட்மியம் வேறு ரகம். எளிதாகக் கீரையிலும் கிழங்கிலும் ஏறிச் சிறுநீரகத்தில் பல வருடம் தங்கும். ஜப்பானின் தொயாமாவில் சுரங்கக் கழிவு கலந்த ஆற்றுநீரில் விளைந்த அரிசி சாப்பிட்டு எலும்பு நொறுங்கியவர்களின் நோய்க்குக் காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968இல் ஒப்புக்கொண்டது. அதனால் மொத்த அளவு, செடி எடுக்கக்கூடிய அளவு இரண்டையும் பார்க்க வேண்டும். முடிந்தால் அங்கே விளைந்த கீரையையும் பார்க்க வேண்டும்.

இப்போது பழைய குப்பையைச் சலிக்கும் பயோமைனிங் நடக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் சலித்து வரும் பொடிமண் எங்கே போகிறது என்பதில் எனக்கு நிஜமாகவே கவலை இருக்கிறது. உலோகம் அதிகம் ஒட்டியிருப்பது அந்தப் பொடியில்தான். நகரக் குப்பை உரத்துக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரம்பு உண்டு: கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50. "நல்ல எரு மண்ணுங்க" என்று டிப்பரில் கொண்டுவந்து தட்டினால், ஆய்வறிக்கையைக் கேளுங்கள். அறிக்கை இல்லையென்றால் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு குப்பைக் கிடங்கையும் சுற்றியிருக்கிற தோட்டங்களுக்கு ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல் நான்கையும் அரசு செலவில் அளந்து, சர்வே எண் வாரியாக முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். நிலத்தின் விலை இறங்கிவிடும் என்று தயங்குகிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. அதற்கு இழப்பீடு கொட்டிய மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது, கீரை வாங்கித் தின்பவர் உடம்பில் கழிக்க வேண்டியதில்லை. அளவு கூடியிருந்தாலும் நிலத்தை அப்படியே போட்டுவிட வேண்டும் என்றில்லை. கீரை, முள்ளங்கியை நிறுத்திவிட்டுச் செண்டுமல்லி, கோழிக்கொண்டை என்று பூவுக்கு மாறலாம். பருத்தி போடலாம், ஆனால் பருத்திக்கொட்டையை மாட்டுக்கு வைக்கும் முன் அதையும் ஒருமுறை பரிசோதிக்கக் கொடுங்கள்.