அந்த இரவுகளை ரசிகர்களிடம் கேளுங்கள்

அறுபது, எழுபது வயதைத் தொட்ட ராக் ரசிகர்கள் தாங்கள் பார்த்த பழைய கச்சேரிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், "பழங்கதை ஆரம்பித்துவிட்டது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வருகிறது. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் விஷயத்தில் அந்தப் பழங்கதைதான் வரலாறு. அதை எழுதியதும் காப்பாற்றியதும் ஊடகங்கள் இல்லை. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி நின்ற ரசிகர்கள்.

குழு 1965இல் கலிபோர்னியாவில் பிறந்தது. 1995 ஆகஸ்ட் 9ஆம் தேதி அதன் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெரி கார்சியா இறந்ததோடு முடிந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள். இன்ன பாட்டுக்குப் பின் இன்ன பாட்டு என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு அவர்கள் மேடையேறுவது அபூர்வம். நேற்று எட்டு நிமிடத்தில் முடிந்த பாட்டு இன்று இருபது நிமிடம் ஓடும், ஒன்று தேயும்போதே இன்னொன்று அதற்குள்ளிருந்து கிளம்பும். ஸ்டுடியோவில் செய்த இசைத்தட்டுகளை மட்டும் கேட்டு இந்தக் குழுவை எடை போடவே முடியாது. நேற்றைய இரவு வேறு, இன்றைய இரவு வேறு. அதனால்தான் அவர்களுடைய ரசிகர்கள் தேதியைச் சொல்லிப் பேசுகிறார்கள்.

அந்தத் தேதிகள் இன்றும் நம் காதில் விழக் காரணம் கேசட். எழுபதுகளில் ரெக்கார்டரை உடைக்குள் ஒளித்து அரங்குக்குள் கொண்டுபோனார்கள். குழு பார்த்தும் பாராமல் இருந்தது. கார்சியாவே 1964இல் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக் கச்சேரிகளைத் தேடிப் பயணம் போய் டேப்பில் பிடித்துக்கொண்டு வந்தவர், அவர் எப்படி இவர்களைத் துரத்துவார்? நல்ல ஒலி கிடைக்குமென்று ரசிகர்கள் ஒலிக்கலவை மேசைக்கு முன்னால் மைக் கம்பங்களை நட, மேடையே மறைகிறது என்ற புகார் பெருகியது. 1984 அக்டோபரில் மேசைக்குப் பின்னால் அவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கி, தனி டிக்கெட்டும் கொடுத்துவிட்டார்கள். வேறெந்தப் பெரிய குழுவுக்கும் அன்று அந்த மனசு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பதிவு செய்கிறவர்களின் பாடு சாதாரணமானது அல்ல. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி கிடைத்தால் சட்டென்று திருப்பிப் போட்டுவிடலாம். இந்தக் குழுவோ இடைவெளியே விடாமல் பாட்டோடு பாட்டைக் கோக்கிறது. ஆகவே கண் ஒன்று டேப் சுருளின் மேல், காது மேடையின் மேல். பக்கத்தில் நிற்பவர் கூவினால் அந்தக் கூவல் நிரந்தரமாகப் பதிந்துவிடும் என்பதால் அவரைக் கெஞ்சி அடக்க வேண்டும். தான் மட்டும் கை தட்டக் கூடாது, ஆடக் கூடாது. உயிராய் நேசிக்கும் இசைக்கு நடுவில் அசையாமல் நின்ற அந்த மனிதர்களை நான் பெரிய தியாகிகளாகவே நினைக்கிறேன். வீட்டுக்குப் போய் அதை விற்கவும் இல்லை. வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். காசு வாங்குவது அவர்களிடையே அவமானம்.

1977 மே 8ஆம் தேதிக்கு வருகிறேன். நியூயார்க் மாநிலத்தின் இத்தகா ஊரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். விளையாட்டுக்கும் ராணுவப் பயிற்சிக்கும் பயன்பட்ட மாபெரும் கூடம். மே மாதத்தில் அன்று பனி பெய்தது. அந்தக் கச்சேரியைப் பற்றிப் பேசுகிற எவரும் பனியைச் சொல்லாமல் விடுவதில்லை. இரண்டாம் பகுதி தொடங்கும் நேரத்தில் முன்வரிசையில் நெரிசல் தாங்க முடியாமல் போகிறது. மேடையிலிருந்து, எல்லோரும் ஓரடி பின்னால் போங்கள், இன்னும் ஓரடி என்று விளையாட்டாகவும் கவலையாகவும் சொல்கிறார்கள். பதிவில் அது அப்படியே இருக்கிறது. அது முடிந்த கையோடு கிளம்புகிற இசை அரைமணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட நிற்கவே இல்லை. நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், ஒரு பாட்டு இன்னொன்றாக மாறுமிடம் வரும்போதெல்லாம் கையிலிருக்கும் வேலை நின்றுவிடுகிறது.

அதை ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரடியாகப் பதிவு செய்தவர் குழுவின் ஒலிப் பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். பின்னாளில் பணமுடை வந்து, டேப் சுருள்களை வைத்திருந்த கிடங்குக்கு அவரால் வாடகை கட்ட முடியவில்லை. 1986இல் சுருள்கள் ஏலத்தில் போயின. ரசிகர்கள் கையில் கிடைத்ததைச் சுத்தம் செய்து, பிரதி எடுத்து, உலகெங்கும் பரப்பினார்கள். 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்தக் கச்சேரியைச் சேர்த்தது. அப்போதும் அது முறையாக வெளியாகியிருக்கவில்லை! நாற்பதாம் ஆண்டான 2017இல்தான் அதிகாரபூர்வமாக வந்தது. அதுவரை அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

கார்னெல் கச்சேரிதான் அவர்களுடைய ஆகச் சிறந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. முந்தைய இரவு பாஸ்டனிலும் மறுநாள் பஃபலோவிலும் வாசித்தது ஒரு மாற்றும் குறைந்ததல்ல என்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். இவ்வளவு தெளிவான பதிவு இவ்வளவு கைகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த இரவின் புகழுக்கு ஒரு காரணம். இதைச் சொன்னால் கார்னெலில் அன்று நின்றவர்களுக்குப் பொறுக்காது. பொறுக்க வேண்டாம், அவர்கள் அங்கே இருந்தார்கள்.

டேப்பில் ஏறாதவையும் இருக்கின்றன. 1972 ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலத்தின் வெனிட்டா. நொடித்துப்போகும் நிலையில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு கிரீமரி என்ற குடும்பப் பால்பண்ணை நிறுவனத்துக்காக நடத்திய கச்சேரி. டிக்கெட்டையே யோகர்ட் லேபிளில்தான் அச்சடித்திருந்தார்கள். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது, தண்ணீர் போதவில்லை, மேடை மேற்குப் பார்த்து அமைந்துவிட்டதால் மாலை வெயில் வாசிப்பவர்களின் முகத்திலேயே அடித்தது. சூட்டில் கருவிகளின் சுருதி நிற்கவில்லை. பதிவில் நமக்குக் கேட்பது சுருதி சேர்க்கும் சத்தம் மட்டும். ஏன் இத்தனை முறை சேர்க்கிறார்கள் என்பதை நாக்கு வறண்டு நின்றவர்தான் சொல்ல முடியும். அவர் சொல்லிக் கேட்ட பிறகு அந்தப் பதிவே வேறாக ஒலிக்கிறது.

2005 நவம்பரில் நடந்ததை நான் மறக்கத் தயாராக இல்லை. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடந்த கச்சேரிகளைத் திடீரென்று நிறுத்தச் சொன்னது குழுவின் தரப்பு. ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த முடிவில் தனக்குப் பங்கில்லை என்று குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஃபில் லெஷ் வெளிப்படையாகச் சொன்னார். சில நாட்களில் ரசிகர்கள் எடுத்த பதிவுகளை மறுபடி இறக்கிக்கொள்ள அனுமதித்தார்கள். மேசைப் பதிவுகளைக் கேட்க மட்டும் முடியும் என்றானது. சட்டப்படி குழுவுக்கு உரிமை இருந்திருக்கலாம். ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் தோளில் சுமந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கதவைச் சாத்தியது அநியாயம்தான்.

இது நமக்கு அந்நியமான விஷயம் அல்ல. சபாக்களில் ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்துவைத்த கர்நாடக இசைக் கச்சேரிகள் இல்லையென்றால், போன தலைமுறை வித்வான்கள் விஸ்தாரமாகப் பாடிய ராகங்களில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்?

லெஷும் 2024 அக்டோபரில் போய்விட்டார். பார்ட்டன் ஹாலில் இருபது வயதில் நின்ற மாணவருக்கு இன்று எழுபதை ஒட்டிய வயது. இசையைக் காப்பாற்றியாயிற்று, அது இனி எங்கும் போகாது. நின்றவர்களின் சொல் அப்படி அல்ல. எந்த மூலையில் நின்றாய், பக்கத்தில் யார், எப்படி வீடு போய்ச் சேர்ந்தாய் என்று ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டு, அந்தந்தத் தேதியின் பதிவோடு சேர்த்து வைக்க வேண்டும். ஆவணக் காப்பகங்கள் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு கச்சேரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கும் பெரியவர் இருந்தால், அடுத்த முறை அவர் தொடங்கும்போது செல்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். தேதியை மட்டும் மறக்காமல் கேட்டு எழுதிவையுங்கள்.