விக்கிப்பீடியாவ நம்பாதீங்கன்னு சொல்றவங்களுக்கு

"விக்கிப்பீடியால யார் வேணா எழுதலாம், அத நம்பாதீங்க, அந்தக் காலத்து கலைக்களஞ்சியம் மாதிரி வருமா"ன்னு காலேஜ் வாத்தியார் ஒருத்தர் போட்ட போஸ்ட்ட நிறைய பேர் ஷேர் பண்றத பாத்தேன். எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல.

தமிழ்க் கலைக்களஞ்சியம் மேல எனக்கு இருக்கற மரியாதை கொஞ்சநஞ்சமில்லங்க. அவினாசிலிங்கம் செட்டியார் முன்ன நின்னு, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியரா இருந்து, 1954ல முதல் தொகுதி, 1963ல ஒன்பதாவது, அப்புறம் 1968ல இணைப்பா பத்தாவது. அந்தந்தத் துறை ஆளுங்கள தேடிப் பிடிச்சு தமிழ்ல எழுத வச்சிருக்காங்க, அது லேசுப்பட்ட வேலையா?

ஆனா அச்சுல ஏறினது ஏறினதுதான். முதல் தொகுதி வந்தப்போ கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சில இருந்துச்சு, 1956ல நம்ம சென்னை மாநிலத்தோட சேந்துடுச்சு. பத்தாவது தொகுதி வந்த அடுத்த வருஷமே, 1969 ஜனவரில, மாநிலத்தோட பேரே தமிழ்நாடுன்னு மாறிடுச்சு. பாவம் தூரன் என்ன பண்ணுவாரு? இங்கிலீஷ் கலைக்களஞ்சியமான பிரிட்டானிக்காவே 32 தொகுதியோட போதும்னு 2012ல அச்சுப் பதிப்ப நிறுத்திட்டாங்க.

2003ல தொடங்கின தமிழ் விக்கிப்பீடியாவ எடுத்துக்கங்க. மேல "வரலாற்றைக் காட்டவும்"னு இருக்கும், அத அமுக்குனா எந்த வரிய யார் எந்தத் தேதில மாத்துனாங்கன்னு மொத்தமும் வந்துடும். எந்த அச்சுப் புத்தகத்துலயும் இத பாக்க முடியாது.

குறையே இல்லன்னு சொல்லல. எது கட்டாயம் இருக்கணும்னு தூரன் குழு உக்காந்து முடிவு பண்ணாங்க, இங்க யாருக்கு எது புடிக்குதோ அதுதான் வளரும், சினிமாவுக்கு கிடைக்கற கவனிப்பு பயிர் நோய்க்கு கிடைக்காது. அதவிட மோசம் மொழிபெயர்ப்பு. 2009, 2010 வாக்குல கூகுள் ஆள் வச்சு இங்கிலீஷ் கட்டுரைங்கள தமிழாக்கி ஏத்துனப்போ, வாக்கியமே புரியல, நமக்குத் தேவையான தலைப்பும் இல்லன்னு எதிர்த்து நின்னது யாரு? பைசா வாங்காம எழுதற தமிழ் விக்கி ஆளுங்கதான். "யார் வேணா எழுதலாம்"னு நீங்க ஏளனமா சொல்றீங்களே, அவங்கதான்.

அந்த வாத்தியார்கிட்ட கேக்கறேன், உங்க பாடத்தப் பத்தி தமிழ் விக்கில இருக்கற கட்டுரைய ஒருதடவையாவது திறந்து பாத்திருக்கீங்களா? தப்பு இருந்தா "தொகு"வ அமுக்கி ஆதாரத்தோட திருத்துங்க. நேரமில்லையா, உரையாடல் பக்கத்துல இன்ன வரி தப்புன்னு ரெண்டு வரி எழுதிப் போடுங்க, திருத்தறதுக்கு அங்க ஆள் இருக்காங்க.