புரியலைன்னு சொல்லிட்டு ஓடாதீங்க

சமகாலக் கலை என்று நான் வாயைத் திறந்தால் போதும், மேசையில் யாராவது ஒருவர் அந்த வாழைப்பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். தெரியுமே, சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம். இத்தாலிக்காரர் மௌரிசியோ கத்தெலான் 2019இல் மயாமியில் காட்சிக்கு வைத்தது. அப்போதே 120,000 டாலர். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போனது. "பாத்தியா, இதெல்லாம் ஒரு கலையாம்!" எல்லாரும் சிரிப்போம். அதற்குள் கோப்பி வந்துவிடும், பேச்சு சிபிஎஃப் சேமநிதிப் பக்கம் திரும்பிவிடும்.

சிரிப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு அவர் வைத்த பெயரே 'நகைச்சுவைக்காரன்'தான். பேச்சு அந்தச் சிரிப்போடு செத்துப்போகிறதே, அதுதான் எரிச்சல். ஏலத்துக்கு வைத்த பழம், ஏலக் கட்டடத்துக்கு வெளியே நடைபாதையில் பழம் விற்கும் ஒரு பங்களாதேஷ் முதியவரிடம் 35 சென்ட் கொடுத்து வாங்கியது. தான் விற்ற பழம் என்ன விலைக்குப் போனது என்று பத்திரிகைக்காரர் தேடிப் போய்ச் சொன்னபோது அந்த மனிதர் அழுதுவிட்டார். ஏலத்தில் எடுத்தவர் கிரிப்டோ பணக்காரர். ஹாங்காங்கில் கேமராக்களுக்கு முன்னால் உரித்துத் தின்றார். இதில் நமக்குப் பேச ஒன்றுமில்லையா? கடல் தாண்டி வந்து மணிக்கூலிக்கு நிற்கும் மனிதரைப் பற்றி, விலையை யார் வைப்பது என்பதைப் பற்றி, சிங்கப்பூரில் இருந்துகொண்டு நமக்கு ஒரு வார்த்தை வரவில்லையா? நாம் டேப்பைப் பார்த்தோம், எழுந்துவிட்டோம்.

நான் கலை படித்தவன் இல்லை. சரக்கு நிறுவனத்தில் கொள்கலன் கணக்குப் பார்ப்பவன். ஓவியம் வரையச் சொன்னால் கப்பல் ஒன்றை வரைவேன், அதுவும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று. இந்த ஊர்த் தமிழர்களுக்குக் கண் இருக்கிறது, ரசனை இருக்கிறது, தகராறு செய்யும் திறமையோ தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போது இவை எல்லாவற்றையும் பையோடு சேர்த்து லாக்கரில் பூட்டிவிட்டுப் போகிறோம்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஓரம் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். பக்தி வேறு, கலை வேறு, நான் இரண்டையும் கலக்கவில்லை. நான் சொல்வது, போகிற காவடிகளைப் பார்த்துக் கூட்டத்தில் நிற்பவர்கள் பேசும் பேச்சை. "மயிலிறகு இன்னும் அடர்த்தியா வச்சிருக்கணும்." "லைட்டைப் போட்டுக் கெடுத்துட்டாம்ப்பா." "போன வருஷம் இவரே எடுத்தது சிம்பிளா இருந்துச்சு, அதான் அழகு." பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் இப்படியே ஓடிக்கொண்டிருக்கும். எடை, சமநிலை, நிறம், எங்கே நிறுத்தியிருக்க வேண்டும், எங்கே மிகையாகிவிட்டது, போன ஆண்டோடு ஒப்பீடு, எல்லாம் அதில் உண்டு. அங்கே நிற்கும் ஒருவர்கூட "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்று ஒதுங்கி நான் பார்த்ததில்லை.

அருங்காட்சியகத்தில் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறோம்? என் சந்தேகம், அது நம் இடம் இல்லை என்ற எண்ணம்தான். கலைப் படைப்பு நம் வாசலுக்கே வந்துவிட்டால் நிலைமை எப்படித் தலைகீழாகிறது என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு.

2017 மார்ச். பாலஸ்டியர் பக்கம், ஜாலான் ராஜாவில் ஒரு வீவக புளோக், அதாவது அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு. 20வது மாடிப் படிக்கட்டு முழுக்கத் தங்க நிறத் தகடு ஒட்டப்பட்டிருந்தது. செய்தவர் அதே புளோக்கில் குடியிருந்த பிரியகீதா டியா, அப்போது லாசால் கலைக் கல்லூரி மாணவி. மின்தூக்கி இருக்கும்போது யார் ஏறுகிறார்கள் அந்தப் படியில்? வீவக படிக்கட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சாம்பல் நிறச் சிமெண்டு, மூலையில் சிகரெட் துண்டு, யாரோ வைத்துவிட்டு மறந்த பழைய சைக்கிள். அந்த இடம் ஒருநாள் திடீரென்று மின்னுகிறது. நகர மன்றம் அனுமதி இல்லாமல் செய்தது என்று சொன்னது. அப்புறம் பிடித்தது பாருங்கள் சண்டை. இது நாசவேலையா, கலையா, பொதுச்சொத்தில் கை வைக்கலாமா, அழகாக இருந்தால் மட்டும் சட்டம் வேறா? இணையம் முழுக்க அதே பேச்சு, பத்திரிகையில் அதே பேச்சு, எங்கள் குடும்பக் குழுவிலும் அதே பேச்சு.

மச்சான் கடும் எதிர்ப்பு. "நாளைக்கு ஒருத்தன் வந்து பச்சை அடிப்பான், இன்னொருத்தன் கட்சிக் கலர் அடிப்பான். யாரு தடுப்பா? அதவிட, ஓடி எறங்கற நேரத்துல வழுக்கி விழுந்தா யாரு பொறுப்பு?" இது சில்லறை வாதம் இல்லை. அவருடைய அம்மாவுக்கு மூட்டு வலி, படி என்றாலே அவருக்கு அடிவயிற்றில் பயம். என் மனைவி மறுபக்கம். அவள் கேட்டாள்: "நம்ம வாசல்ல கோலம் போடறோமே, யாருகிட்ட கேட்டுப் போட்டோம்?" துளசித் தொட்டி, எதிர்வீட்டு ஆன்ட்டியின் ஊதுபத்தி மாடம், பக்கத்து வீட்டின் செருப்பு அலமாரி, நோன்புப் பெருநாளுக்கு நடைபாதை முழுக்கத் தொங்கும் வண்ண விளக்கு என்று அடுக்கினாள். எல்லாருமே அந்தப் பொது நடைபாதையில் கொஞ்சத்தைத் தனதாக்கிக் கொண்டவர்கள்தான், அந்தப் பெண் நிறத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டாள் என்பது அவள் கட்சி. மச்சானுக்கு இதற்குப் பதில் வர இரண்டு நாள் ஆனது. "கோலத்தை மறுநாள் கூட்டிடலாம்" என்று எழுதினார். நல்ல பதில். உடனே பேச்சு, எவ்வளவு நாள் நிற்கிறது என்பதில் போய் நின்றது. எத்தனையோ கண்காட்சி முன்னுரைகளில் நான் காணாத தெளிவு அந்த வாட்ஸ்அப் சண்டையில் இருந்தது.

என் கட்சி எது என்று கேட்பீர்கள். எந்நாளும் தங்கப் படிக்கட்டில் ஏறி இறங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு புளோக் படிக்கட்டை இத்தனை பேரை உற்றுப் பார்க்க வைத்த வேலையை 'குப்பை' என்று தள்ள எனக்கு வாய் வராது. அதே ஆண்டு ஆகஸ்டில், தேசிய தினத்துக்கு ஒவ்வொரு புளோக்கிலும் சிவப்பு வெள்ளைக் கொடி தொங்கும் நேரத்தில், பிரியகீதா தங்க நிறக் கொடிகளைத் தொங்கவிட்டார். அதுவும் இறங்கியது. படிக்கட்டைவிடக் கொடிதான் எனக்குக் கூர்மையான வேலையாகப் படுகிறது, ஆனால் அதைப் பற்றி யாரும் அவ்வளவாகச் சண்டை போடவில்லை. பின்னாளில் மலாயாத் தோட்டங்களில் ரப்பர் மரத்தில் பால் எடுத்த தமிழர்களின் கதைக்குள் போனார், 2022இல் கொச்சி ஈராண்டுக் கலைவிழாவில் அவர் படைப்பு இடம்பெற்றது. அந்த விழாவின் பொறுப்பாளரும் சிங்கப்பூர்க் கலைஞர்தான், சுபிகி ராவ். நம் தாத்தா பாட்டி கதை கொச்சிக் கடற்கரை வரை போய்விட்டது. இதுவும் நம் கோப்பிக்கடை மேசைக்கு வரவில்லை, வாழைப்பழம் மட்டும் வந்தது.

பெரியம்மா கதைக்கு வருகிறேன். தேசிய அருங்காட்சியகத்தில் குமாரி நாகப்பன் செய்த ஒரு பெரிய சிவப்பு மிளகாய் உண்டு. வெண்கல வார்ப்பு, 2006இல் வைத்தது, ஆளைவிட உயரம். பெயர் 'பெடாஸ் பெடாஸ்', காரம் காரம். பெரியம்மாவை அந்தப் பக்கம் அழைத்துப் போனபோது நான் ஏதோ விளக்கம் கொடுக்கத் தொண்டையைச் செருமினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டுச் சுற்றி வந்தார்.

"இவ்ளோ தடியா இருந்தா காரம் எங்கேருந்து வரும்? சிலி பாடியத்தான செஞ்சிருக்கணும்?"

"அது குட்டி மிளகாயாச்சே பெரியம்மா, சின்னதா இருக்குமே."

"அதத்தான் பெருசாக் காட்டணும். பெருசையே இன்னும் பெருசாக் காட்டி என்ன பண்ண?"

நான் அசந்துபோனேன். எதைப் பெரிதாக்கினால் வியப்பு வரும் என்ற கேள்வி அது, சிற்பம் செய்கிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "பளபளப்புத்தான் ஜாஸ்தி. ஆனா பாத்தா வாயில தண்ணி ஊறுது. அதுவரைக்கும் பாஸ்." மதிப்பெண் போட்டாயிற்று. அன்றைக்கே ஆர்ச்சர்டில் ஐயான் கடைத்தொகுதிக்கு வெளியே இருக்கும் ஜாதிக்காயையும் போய்ப் பார்த்தோம், அதே கலைஞர்தான், 2009. அந்த வட்டாரம் ஒருகாலத்தில் ஜாதிக்காய்த் தோட்டம் என்று சொன்னேன். பெரியம்மாவுக்கு ஜாதிக்காய் என்றால் பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கும் மருந்து. அரை மணி நேரம் அந்தக் காலத்துக் கைவைத்தியம் பற்றிப் பேசினார். வாங்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பேச்சே கலையாகவும் இருக்கலாம் என்பதை சிங்கப்பூர்க் கலைஞர் அமண்டா ஹெங் 1996லேயே செய்து காட்டிவிட்டார். மேசையில் தவ்கே குவியல், முளைகட்டிய பயறுதான். வருகிறவர்களை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுப்பார். எல்லாரும் தவ்கேயின் வாலைக் கிள்ளிக்கொண்டே பேச வேண்டும். அவ்வளவுதான், அதுதான் படைப்பு. முதலில் கேள்விப்பட்டபோது நானும் 'இதற்குப் பெயர் கலையா' என்றுதான் நினைத்தேன். ஆனால் கை வேலையில் இருக்கும்போதுதான் நம் வீட்டுப் பெண்கள் உண்மையைப் பேசுகிறார்கள். முருங்கைக்கீரை ஆய்ந்தபடி என் அம்மா சொன்ன விஷயங்களைச் சும்மா உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். கண் கீரையில் இருக்கும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வாய் தானாகத் திறக்கும். அந்தச் சமையலறைப் பேச்சை எடுத்துப் பொதுவில் வைத்து, முன்பின் தெரியாதவர்களையும் அதே மாதிரி உட்கார வைத்தார் ஹெங். பார்க்க வந்தவன் பார்வையாளனாகவே நிற்க முடியாது, அவன் கையிலும் தவ்கே இருக்கும்.

எல்லாப் பழியும் நம் மேல் இல்லை. கலைக்காரர்களும் சேர்ந்துதான் நம்மைத் துரத்துகிறார்கள். படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்க அட்டையைப் படித்தால் தலை சுற்றும். ஒரே வாக்கியம் ஆறு வரிக்கு ஓடும், முடிவில் அந்தப் பொருள் எதனால் செய்தது என்பதுகூடத் தெரியாது. 2022 சிங்கப்பூர் ஈராண்டுக் கலைவிழாவுக்கு 'நடாஷா' என்று ஒரு பெண் பெயரை வைத்தார்கள். விளக்கத்தைப் படித்தேன், எனக்கு ஏறவில்லை. 40 நிமிடக் காணொளி போட்டு முதுகு சாய்க்க வழியில்லாத பலகையில் உட்காரச் சொல்வதை எல்லாம் நான் மன்னிக்கத் தயாரில்லை. பார்த்ததில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சத்தமாகச் சொல்லலாம், சொல்ல வேண்டும். படம் சரியில்லை என்றால் இடைவேளையிலேயே கிழித்துத் தொங்கவிடுகிற நாம் இங்கே மட்டும் ஏன் மரியாதை காட்டுகிறோம்?

அந்த மரியாதைக்குள் கொஞ்சம் பயமும் உண்டு என்று நினைக்கிறேன். 1993 கடைசி இரவில் பார்க்வே பரேட் கடைத்தொகுதியில் கலைஞர் ஜோசப் எங் நிகழ்த்திய ஒரு நிகழ்வால் எழுந்த சர்ச்சையில், நிகழ்த்துகலைக்கான அரசு நிதி நின்றுபோனது. மறுபடி வந்தது 2003இல். அந்த நிகழ்வு சரியா தவறா என்பதில் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் பத்தாண்டு என்பது ஒரு தலைமுறை மாணவர்கள் படித்து வெளியேறும் காலம். 'இது பெரிய இடத்து விவகாரம், நமக்கெதுக்கு' என்ற பழக்கம் ஊறிப்போக அது போதும்.

மொழிச் சங்கடமும் இருக்கிறது. தென்கிழக்காசியக் கலை வரலாற்றை எழுதியவர்களில் முதல் வரிசையில் வைக்கப்படுபவர் டி.கே. சபாபதி, 1938இல் இங்கே பிறந்தவர். எழுதியது ஆங்கிலத்தில். நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம்? எஸ். சந்திரசேகரன் 1988இல் கோ ஈ சூ, சாலே ஜப்பார் இருவரோடும் சேர்ந்து 'திரிமூர்த்தி' என்று நடத்திய கண்காட்சி இந்த ஊர்ச் சமகாலக் கலையின் திருப்பங்களில் ஒன்று என்று எழுதுகிறார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம், ஒரு சீனர், மூவரும் இளைஞர்கள். அதே சந்திரசேகரனின் வேலை லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் இருக்கிறது, நம் நாட்டுப்புறக் கலை வடிவங்களை வைத்துச் செய்தது. தீபாவளிச் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் நாம் அதைத் தாண்டித்தான் போகிறோம். பையைக் கீழே வைத்து ஒரு நிமிடம் நின்றால் ரயில் ஒன்றும் ஓடிப்போகாது, அடுத்தது வரும்.

சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் 2022இலிருந்து தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில் இயங்குகிறது. என் போன்ற ஆட்களுக்கு அது அந்நிய இடமே இல்லை, கெப்பல் ரோட்டில் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கு. லாரி பின்வாங்கும் சத்தம், சரக்கு ஏற்றும் மேடை, உயரமான கூரை. முதல்தடவை போனபோது படைப்பைப் பார்ப்பதற்கு முன் தரை எத்தனை டன் தாங்கும் என்றுதான் கணக்குப் போட்டேன். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம். அதனால் கலை நிகழ்ச்சிகளுக்கென்று அரசு குடிமக்களுக்குத் தந்த எஸ்ஜி கல்ச்சர் பாஸ் 100 வெள்ளியை இதற்குத் தொட வேண்டியதில்லை, அதை உள்ளூர் நாடகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், 2028 கடைசி வரை நேரம் இருக்கிறது.

இந்த ஞாயிறு பெரியம்மாவை அங்கே அழைத்துப் போகிறேன். மச்சானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், சண்டை போடத்தான். உட்கார நாற்காலி இருக்குமா, கழிவறை பக்கமா, எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். என்ன வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு. நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.